ஒன்பதாவது சுருள்

நெளுக்குளம்,
வவுனியா.
4.3.1985

அன்புள்ள மாஸ்டருக்கு,

இராசமலர் எழுதிக்கொள்வது. நானும் மகள் விமலாவும் சுகம். சென்னையில் உங்கள் சுகமறிய ஆவல் என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்கோ ஆவல் போய்க் கோபம் வந்துவிட்டது. தைப்பொங்கலுக்குப் பிறகு உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை.

வெள்ளிக்கிழமை உங்கள் கந்தோர்க் கிளாக்கர் யோகநாதன் நகரசபைக் கடிதத்தோடு வந்தார். உங்கள் மூன்று மாத லீவு முடிந்து ஒரு மாதமாகிவிட்டதாம். இம்மாதம் இருபதாம் திகதிக்குள் செயலாளர் திரு. கதிர்காமநாதன் கடமைக்குத் திரும்பாவிட்டால் ‘பதவி வறிதாகியதாகக் கருதப்படும்’ என்று எழுதியிருக்கிறார்கள். விமலா எழுத்துக் கூட்டி வாசித்துவிட்டு, வறிதென்றால் என்ன என்று கேட்டாள். ஆளில்லாத கதிரை என்றேன். அவள் நீங்கள் இருந்து சாப்பிடுகிற கதிரையைப் பார்த்தாள். நான் குசினிக்குள் போய்விட்டேன்.

“அக்கா, மாஸ்டருக்குச் சுகமில்லை எண்டு ஒரு கடிதம் தாங்கோ, நான் இன்னும் ஒரு மாதம் இழுத்துப் பாக்கிறன்” என்றார் யோகநாதன். கதை கட்டுவது மாஸ்டரின் தொழில், எனக்கு வராது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

பாருங்கள், அவரும் மாஸ்டர் என்றுதான் சொல்கிறார். நான்கு வருடம் செயலாளராயிருந்து குழாய்த் தண்ணீரும் சந்தைக்குக் கூரையும் கொண்டுவந்தீர்கள். ஆனாலும் கண்டாவளையில் படிப்பித்த மாஸ்டராகத்தான் சனம் உங்களை நினைக்கிறது. உங்களுக்கோ நீங்கள் படம் எடுத்தவர் மட்டும்தான். ஏழே நாள் ஓடிய படம். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் கொழும்பிலிருந்த பிரதிகள் எல்லாம் எரிந்தபோது இரண்டு நாள் பட்டினி கிடந்தீர்கள். போன ஐப்பசியில், சென்னையில் யாரிடமோ ஒரு பிரதி இருப்பதாகக் கேள்விப்பட்டதும் பெட்டியைத் தூக்கிவிட்டீர்கள்.

அந்தப் படத்தை நான் பார்த்ததேயில்லை. விமலா பிறந்த துடக்குக் கழிந்து நான் வெளியே போக முப்பத்தொரு நாள். அதற்குள் படம் தியேட்டரை விட்டுப் போய்விட்டது. நடிகை வராத அன்று அவளுடைய சேலையைக் கட்டிக்கொண்டு, வயல் வரம்பில் முதுகு காட்டி நடந்தவள் நான். ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டேன். எத்தனை ஏச்சு ஏசினீர்கள். அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிட்டதாகவும் பிறகு சொன்னீர்கள்.

இனி எழுதுவதை ஆறுதலாக வாசியுங்கள். தியேட்டரில் படம் ஓட்டுகிற கணபதியண்ணை தை மாதம் ஒரு தகர டப்பாவோடு வந்தார். களஞ்சிய அறையை ஒதுக்கும்போது அகப்பட்டதாம். உங்கள் படத்தின் ஒன்பதாவது சுருள். மற்றவற்றைத் திருப்பி அனுப்பியபோது இது தவறி நின்றுவிட்டது. அவர் போனபின் யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். நகமளவில் நான் நடக்கிறேன், நடக்கிறேன், பிறகு திரும்பிப் பார்க்கிறேன். நீங்கள் வெட்டவேயில்லை. அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். கணபதியண்ணை எழுத வெளிக்கிட்டவர். நானே எழுதுகிறேன் என்று தடுத்துவிட்டு, ஏழு கிழமையாக டப்பாவை அலுமாரியில் சேலைகளுக்குக் கீழே ஒளித்து வைத்திருக்கிறேன். சுருளுக்காக இல்லாமல் எனக்காகவும் பிள்ளைக்காகவும் வருவீர்களா என்று பார்க்க நினைத்தேன். பிழைதான். ஆனால் பின்னேர பஸ் போன பிறகுதான் ஒவ்வொரு நாளும் படலையைச் சாத்துகிறேன்.

இப்போது வீம்பு போய்விட்டது. இருபதாம் திகதிக்குள் வாருங்கள். சுருளுக்காகவே வாருங்கள், நான் குறை நினைக்க மாட்டேன். கொழும்பில் இறங்கியதும் தந்தி அடியுங்கள். பாதை எப்படி என்று விசாரித்துச் சொல்கிறேன். அடையாள அட்டையைச் சட்டைப்பையிலேயே வைத்திருங்கள். ஒரு சோதனையுமில்லாமல் வீடு வந்துசேர முருகன் துணையிருப்பான்.

டப்பாவைத் தபாலில் அனுப்பச் சொல்லி மட்டும் பதில் எழுதிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மலர்