கேரட்டா பூசணியா

அக்கா,

பாப்பாவை அத்தானிடம் கொடுத்துவிட்டு டூட்டிக்கு பஸ் எடுக்கக் கிளம்புகிறேன். ஃப்ரிட்ஜில் இரண்டு கிண்ணம் இருக்கிறது. ஒன்றில் மசித்த கேரட், இன்னொன்றில் மசித்த மஞ்சள் பூசணி. எது எது என்று எனக்கே குழப்பம். நிறமும் ஒன்றுபோல; உப்பில்லாததால் ருசி பார்த்தும் பிடிபடவில்லை.

“புதுசா ஒண்ணு குடுத்தா மூணு நாளைக்கு அது மட்டும்தான்” என்றாய். ஒன்றுதான் கொடுத்தேன், சத்தியமாக. எது குறைந்திருக்கிறது என்று பார்க்கலாம் என்றால், ருசி பார்த்தே இரண்டையும் குறைத்துவிட்டேன்.

“உனக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாதுடா” என்று நேற்று நீ சொன்னது இன்னும் உறுத்துகிறது.

தம்பி

பி.கு.: ஒரு வாரமாகத் துப்பியவள் மூன்று ஸ்பூன் விழுங்கிவிட்டு நாலாவதற்கும் வாயைத் திறந்தாள். நீயும் பார்க்க வேண்டும் என்று அந்த நாலாவது ஸ்பூனை உனக்கு விட்டுவைத்திருக்கிறேன். எந்தக் கிண்ணத்திலிருந்து என்று மட்டும் கேட்காதே.