ட்ரம்மா, டிஸ்க்கா

மே 6, செவ்வாய்

இன்றைக்கும் விபோரா பேட்டை இறக்கத்தில் பிரேக்கை இரண்டு முறை மிதிக்க வேண்டியிருந்தது. தினமும் என் டாக்ஸியில் வரும் பல் டாக்டர் ஒடாலிஸ், "நியூர்க்கா, உன் வண்டி நிக்கிறதுக்கு முன்னாடி யோசிக்குதே" என்றார். வண்டியில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான். கால் மட்டும் பிரேக்கை விடவில்லை.

மே 9

மெக்கானிக் தகோபெர்த்தோ சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். "ட்ரம் பிரேக் காய்ஞ்ச ரோட்டுக்கு மோசமில்லம்மா. உள்ள தண்ணி போச்சுன்னா பிடிக்காது. நீயோ நாள் பூரா ஹவானாவைச் சுத்துற, மழைக்காலம் வேற வருது. முன் சக்கரத்துக்காவது டிஸ்க் போட்டுடு."

உடைத்த ரஷ்ய வண்டி ஒன்றின் டிஸ்க் ஜோடி அவரிடம் இருக்கிறது. என் தையல் மெஷின் மேல் அவர் மனைவிக்கு நெடுநாளாகவே ஒரு கண்.

மே 11, ஞாயிறு

அண்ணன் இரேனியோவிடம் சொன்னேன். அப்பா வண்டியை அவன் பேருக்கு எழுதிவைத்துவிட்டுப் போனார். பதினொரு வருஷமாக ஓட்டுவது நான். அவனுக்கு அது ஞாயிற்றுக்கிழமை மெழுகு பூசித் துடைக்கிற 1952-ஆம் வருஷத்து மாடல்.

"டிசம்பர் அணிவகுப்புல பழைய கார் சங்கத்துக்காரங்க அசல் மாறாத வண்டிக்கு முத்திரை குடுக்குறாங்க. ரஷ்ய டிஸ்க்கைப் பாத்தா சிரிப்பாங்கடி."

"மழையில யாரு ஓட்டுறது, உன் சங்கமா?"

"அப்பா இதே ட்ரம்மோட நாப்பது வருஷம் ஓட்டலையா?"

அப்பா வாரம் ஒரு தடவை கடற்கரைக்கு ஓட்டினார். சொல்லி என்ன பயன்.

மே 14

மெஷினைக் கொடுத்துவிட்டேன். டிஸ்க்குகள் என் கட்டிலுக்கு அடியில். வெள்ளிக்கிழமை மாட்டுகிறோம். அண்ணனிடம் கேட்கப்போவதில்லை.

மே 16

கட்டிலுக்கு அடியில் ஒன்றுமில்லை.

அண்ணன் வாசலில் உட்கார்ந்து நான்கு குரோம் சக்கர மூடிகளைத் துடைத்துக்கொண்டிருந்தான். "அசல். அந்த டிஸ்க்கைக் குடுத்து ஒருத்தன்கிட்ட மாத்திக்கிட்டேன்" என்றான். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

என் மெஷின்டா அது. என் மெஷின்.

இனி ஓட்டமாட்டேன்னு சாவியை அவன் மூஞ்சியில எறிஞ்சிருக்கணும். ஏன் எறியல? நாளைக்குக் காலையில அதே சாவியை எடுக்கத்தானே போறேன்.

ஜூன் 24

இடது கையால் எழுதுகிறேன்.

போன செவ்வாய் நல்ல மழை. தாழ்வான தெருவில் தேங்கிய தண்ணீரைக் கடந்துதான் இறக்கத்துக்கு வந்தேன். கீழே ரொட்டிக்கடை வரிசை பாதி ரோடு வரை நின்றது. மிதித்தேன். மறுபடி மிதித்தேன். வண்டி கேட்கவில்லை. ஸ்டியரிங்கை ஒடித்துக் கல்சுவரில் விட்டேன்.

வரிசையில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. என் வலது மணிக்கட்டு மூன்று இடத்தில் முறிந்தது. வண்டியில் இருந்த ஒடாலிஸுக்குத் தோள் எலும்பு.

அண்ணன் ஆஸ்பத்திரிக்கு வந்தான். கட்டில் பக்கத்தில் நின்று, "முன் பம்பர் அசல், தெரியுமா? இனி எங்க போய்த் தேடுவேன்?" என்றான். பிறகுதான், "வலிக்குதா?"

தேடு அண்ணே. நல்லாத் தேடு.

ஆகஸ்ட் 2

கையில் பழைய பிடி திரும்பாதாம். ஸ்டியரிங்கை மறந்துவிடச் சொல்கிறார்கள்.

ஒடாலிஸ் பார்க்க வந்தார். "இனிமே பல்லு பிடுங்கத் தெம்பு வருமான்னு தெரியல. உன் மேல கோவமில்ல" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

நவம்பர் 12, புதன்

பஸ் நிறுத்தத்தில் "கடைசி ஆள் யாரு?" என்று கேட்டு, கை காட்டியவர் பின்னால் நின்றேன். எங்கள் வண்டி வந்தது. புது டிரைவர், பக்கத்தில் அண்ணன். கிறீச்சென்ற சத்தமே இல்லை. நினைத்த இடத்தில் நின்றது. முன் சக்கரத்தில் டிஸ்க்.

டிஸ்க் மாட்டாமல் சாவியைத் தொடமாட்டேன் என்று அந்த டிரைவர் சொன்னானாம். ஒரே தடவை. அடுத்த நாளே மாட்டிவிட்டார்கள். தகோபெர்த்தோ பிறகு தயங்கித் தயங்கித்தான் என்னிடம் சொன்னார்.

அண்ணன் கண்ணாடியை இறக்கினான். "ஏறு நியூர்க்கா, மழை வருது."

"எனக்கு முன்னாடி ஒம்பது பேரு நிக்கிறாங்க" என்றேன்.

பஸ் வர ஒரு மணி நேரம் ஆனது. நன்றாக நனைந்தேன்.