மூணு டிகிரி ஜாஸ்தி

அடி அண்ணாமலை,
தை 9

பாப்பாவோட அப்பாவுக்கு,

ஜெர்மனியில இந்த வருஷம் பனி ஜாஸ்தின்னு நியூஸ்ல சொன்னாங்க. உங்களுக்கு என்ன கவலை? ரூம் ஹீட்டரே தேவைப்படாத வீடு. சுவர் ஒண்ணரை அடி, ஜன்னலுக்கு மூணு கண்ணாடி, அடுப்புச் சூடும் ஆளுங்க உடம்புச் சூடுமே போதும்னீங்க. ஒரு ஆள் நூறு வாட் பல்புக்குச் சமம்னு பாப்பாவுக்குப் பாடமே எடுத்தீங்க.

போன தையில தினமும் சுவத்துல ரூம் சூட்டைக் காட்டுற மீட்டரை போட்டோ எடுத்து அனுப்பினீங்க. ஒண்டி ஆளு, பதினெட்டு டிகிரியைத் தாண்டலன்னு ஒரே புலம்பல். நானும் செங்கம் ரோட்டுல கடை கடையா ஏறி ஸ்வெட்டர் வாங்கி அனுப்பினேன்.

இந்தத் தையில மீட்டர் போட்டோ நின்னுபோச்சு. போன வாரம் ஜன்னலுக்கு வெளிய பனின்னு ஒண்ணு அனுப்பினீங்க. ஓரத்துல மீட்டர் தெரிஞ்சுது. இருபத்தொண்ணு.

ஹீட்டர் வாங்கினீங்களான்னு கேட்டேன். இல்லன்னீங்க. இப்பவும் ஒண்டியாத்தான் இருக்கேன்னீங்க. அதை நான் கேக்கவே இல்ல.

"அப்பா வீட்டுல யாரும்மா இருக்காங்க?"ன்னா பாப்பா.

"யாருமில்ல. நான் அனுப்பின ஸ்வெட்டரை அப்பா போட்டிருப்பாரு"ன்னேன்.

"ஸ்வெட்டர் போட்டா ஆளுக்குத்தாம்மா சூடு. மீட்டர் ஏறாது"ன்னுட்டா.

பல்புக் கணக்கு சொல்லிக்கொடுத்தது நீங்க. மிச்சத்தையும் நீங்களே அவகிட்ட சொல்லுங்க.

பாப்பாவோட அம்மா