அலியேர் கோழைதான் என்பதற்குச் சாட்சிகள்

வெள்ளை நைல் கரை,
தென்சூடான்

அன்பு மகன் அலியேருக்கு அம்மா அயென் எழுதுவது. நான் நலம், அப்பா நலம், மாடுகளும் நலம், செவலைப் பசு மட்டும் கன்று போட்டதிலிருந்து யாரையும் கிட்டே சேர்ப்பதில்லை. நீ அங்கே வயிறாரச் சாப்பிடுகிறாயா, குளிருக்கு ஒழுங்காக மூடிக்கொள்கிறாயா என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

உன் வக்கீல் அனுப்பியதைப் படித்ததும் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏண்டா, அடைக்கலம் கேட்டுப் போன இடத்தில் அந்த அதிகாரியம்மா உன்னைப் பற்றிச் சொல் என்று கேட்டால் பேரையும் ஊரையும் சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டியதுதானே? எழுந்து நின்று, இரண்டு கையையும் கொம்பு மாதிரித் தூக்கிக்கொண்டு, உன் காளைப் பாட்டை முழுசாகப் பாடினாயாமே! நம் ஊரில் பெரியவர்கள் கேட்டால் அதுதான் மரியாதை, பரம்பரையில் யார் செய்ததையும் நான் செய்தேன் என்றுதான் பாடுவோம், எல்லாம் சரி. அது அந்த அம்மாவுக்குத் தெரியுமா? "நாற்பது காளை ஓட்டி வந்தவன் நான், அக்கரைப் பட்டிக்குத் தீ வைத்தவன் நான், ஏழு பேரைச் சாய்த்தவன் நான்" என்று மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல் விடாமல் சொல்ல, அவள் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டாளாம். இவ்வளவு பெரிய குற்றம் செய்தவனுக்கு அடைக்கலம் கிடையாது என்று சட்டமாம். துப்பாக்கிக்காரர்கள் ஆள் பிடிக்க வந்தபோது நாள் முழுக்க நாணலுக்குள் கிடந்து தப்பியவன் நீ. திருப்பி அனுப்பினால் உன்னை உயிரோடு விடுவார்களா?

உடனே ஊர்த்தலைவர் லுவாலிடம் போய், என் மகன் கோழை என்று எழுதி முத்திரை குத்திக் கொடுங்கள் என்றேன். மனுஷன் குதித்தார். "பெத்தவ பேசுற பேச்சா இது? அக்கரைக்காரன் காதுல விழுந்தா நாளைக்கே வந்து மாட்டை ஓட்டிட்டுப் போயிடுவான்"னு கத்தினார். வேறு வழியில்லாமல் இத்தனை வருஷம் மூடி வைத்ததை உடைத்துவிட்டேன், மன்னித்துக்கொள். நீ ஆளான அன்று, அசையாமல் இருந்தால்தான் ஆம்பிளை என்று நெற்றியில் கத்தியால் கோடு கீறும்போது மூன்றாவது கோடு கோணலானதற்கு, கத்தி மொட்டை என்று ஊரெல்லாம் சொன்னோமே, கத்தி நன்றாகத்தான் இருந்தது, நீதான் "அம்மா"ன்னு தலையை இழுத்துக்கொண்டாய் என்று சொன்னேன். லுவால் கத்தியதில் ஊரே அங்கே கூடியிருந்தது. அப்புறம் பிடித்துக்கொண்டது பாரு, ஆளாளுக்குப் போட்டி! பக்கத்து வீட்டு அகோன், "ஆடு முட்ட வந்ததுன்னு எங்க கூரை மேல ஏறி உக்காந்தவன்தானே, எறக்க மூணு பேர் வேண்டியிருந்துச்சு, இதையும் எழுதுங்க" என்றாள். லுவாலே, தவளைக்குப் பயந்து நீ ஓடியதைத் தன் கையால் சேர்த்தார். இரண்டு தாள் நிரம்பிவிட்டது. நெற்றிக் கோட்டை அதிகாரியிடம் மறக்காமல் காட்டு.

பாட்டுக் கட்டிய அகுவேர் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். என் பாட்டு பொய் என்று எழுத நான் என்ன பைத்தியமா, நடந்ததைத்தான் கட்டினேன், செய்தவர் யார் என்று உன் புருஷன் பியாரையே கேள் என்று போய்விட்டார். வக்கீலோ, செய்தவர் இன்னார் என்று எழுத்தில் வந்தால்தான் நீ தப்புவாய் என்கிறார். வீட்டுக்கு வந்து நான் தாளை எடுத்ததும் அப்பா எதிரே உட்கார்ந்து, "எழுது, அது நான்தான். அலியேர் அப்ப உன் முதுகுல கெடந்த பச்சப்புள்ள. ஏழுன்னு எழுதாத. ஒன்பது. தாளத்துக்கு இடிக்குதுன்னு அகுவேர் ரெண்டைக் கொறச்சுட்டான். அந்த ரெண்டும் சின்னஞ்சிறுசுங்க" என்றார். இவரோடு இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன், எனக்கு அது தெரியாது.

அவருடைய தாளையும் சேர்த்து அனுப்புகிறேன், கைநாட்டு வைத்திருக்கிறார், சாட்சியாக நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். எங்களையும் அங்கே அழைத்துக்கொள்ள நீ எழுதி வைத்திருக்கும் மனுவில் அப்பா பெயரை அடித்துவிடு. என் பெயரையும் அடித்துவிடு, அவரைத் தனியாக விட்டுவிட்டு வர மனம் வரவில்லை, அவர் முகத்தைப் பார்க்கவும் முடியவில்லை.

கடவுள் உன்னைக் கண்போலக் காக்கட்டும், ஆயுசோடு இரு. ஒன்று மட்டும் நினைவில் வை: நாளைக்கு உனக்கொரு பிள்ளை பிறந்தால் அந்தப் பாட்டைச் சொல்லிக் கொடுக்காதே.

இப்படிக்கு
உன்னைப் பெற்றவள்
அயென்