இடித்த நாளுக்கு முந்தைய நாள்

என் சாலிஹ் நானாவுக்கு,

மூதூர் மண்ணில் நீங்கள் துயிலும் இடத்துக்கு, திருநீறு பூசிய இந்த நெற்றி தாழ்ந்து சலாம் சொல்கிறது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தத் திரை விளையாட்டுக்கு நம் துறைமுகத்தை எடுக்கவில்லை, நானா. வேறொரு நாட்டின் ஆற்றங்கரை நகரத்தைத் தேர்ந்துகொண்டார்கள். நான்தான் காரணம் என்று ஊர் சொல்கிறது. அதில் பாதி உண்மை. மிகுதிப் பாதியைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். உங்களுக்கு மட்டும் எழுதினால் போதாது என்று பத்திரிகைக்கும் கொடுக்கிறேன். கேட்க வேண்டிய காதுகள் நான் இருக்கும் லிங்கநகரிலும் சில இருக்கின்றன.

படிக்கும் மற்றவர்களுக்கு உங்களைத் தெரியாது. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததையே உங்களிடம் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். திருகோணமலைக்கும் மூதூருக்கும் இடையில் முப்பது ஆண்டுகள் லோஞ்சுப் படகு ஓட்டினீர்கள். நான் துறைமுகக் கந்தோரில் எழுதுவினைஞன். நான் உங்களை அண்ணன் முறையில் நானா என்றேன்; நீங்கள் என்னைத் தம்பி என்றீர்கள். உங்கள் மகள் பர்ஹானா, தந்தைக்கு இளையவனை அழைக்கும் முறைப்படி, சாச்சா என்றாள். சீனி வருத்தம் என்னும் நீரிழிவு உங்கள் வலக்காலைக் கொண்டுபோன பிறகு, சும்மா இருந்தால் மனம் கெடும் என்று அவள்தான் தொலைக்காட்சியில் பொருத்தி ஆடும் அந்த விளையாட்டுப் பெட்டியை வாங்கித் தந்தாள்.

கடல்கடந்த நிறுவனமொன்று பல ஆண்டுகளாகப் பாகம் பாகமாக வெளியிடும் ஆட்டம் அது. ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு காலம், ஒரு பழைய நகரம். அரிய பொருளொன்றைச் சுமந்த தூதன் கூரைக்குக் கூரை தாவி, மறிப்பவர்களை வாளால் வீழ்த்தி, குறித்த இடத்தில் அதைச் சேர்க்க வேண்டும். முதன்முறை அதைக் கண்டபோது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"இதென்ன நானா, அஸர் தொழுதிட்டு வந்து ஆக்களை வெட்டுறியள்?"

"வெட்டுறது அவன், தம்பி. நான் காத்தப் பாத்துக்கொண்டிருக்கன். அங்க பாருங்க, காத்து இங்கால அடிக்குது, பாய் அங்கால பொம்முது. இவன்ட கப்பல் களப்பையும் தாண்டாது!"

பிறகு தூதனின் கால்களைக் காட்டிச் சிரித்தீர்கள். "எனக்கு ஒண்டு போச்சு. இவனுக்கு ரெண்டும் இருக்கு, ஆனா நிலத்தில நடக்க மாட்டானாம்."

அன்று நீங்கள் காட்டிய இன்னொன்று என்னை உறங்கவிடவில்லை. தூதனைக் கூரையிலிருந்து இறக்கி, நகரத்தின் துறைக்கு நடத்திச் சென்றீர்கள். கரையில் பத்துத் தோணிக்காரர் நின்றார்கள். ஒவ்வொருவரின் அருகிலும் தூதனை நிறுத்தினீர்கள்.

"ராசாவுக்கு மூஞ்சி இருக்கு. பாதிரிக்கு இருக்கு. பிச்சைக்காரனுக்கும் இருக்கு. இந்தப் பத்துப் பேரையும் பாருங்க, ஒரே மூஞ்சி! ஒரு தாய்ட வகுத்துப் புள்ளையள் கூட இப்பிடி இரிக்காது." சிரித்துவிட்டுத் தூதனை அங்கேயே நிறுத்திவைத்தீர்கள். "முப்பது வருசம் ஏத்தி இறக்கினன். எத்தின பேர் என்ட மூஞ்சியப் பாத்திருப்பாங்க?"



அதன் பிறகுதான் அந்த நிறுவனத்தின் கடிதம் எங்கள் ஊர் வரலாற்றுச் சங்கத்துக்கு வந்தது. அடுத்த பாகத்துக்குத் திருகோணமலையையும் எண்ணிப் பார்க்கிறார்கள் என்றும், மூன்று காலங்களில் எது தகும் என்று உள்ளூரார் அறிக்கை தரவேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். பறங்கியர் மலைக்கோயிலை இடித்துக் கடலில் தள்ளிய காலம் ஒன்று. ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் கோட்டைக்காக மாறிமாறி மோதிக்கொண்ட காலம் மற்றொன்று. உலகப் போரில் விமானங்கள் வந்து குண்டு போட்ட காலம் மூன்றாவது.

சங்கத்துச் செயலாளர் விமானத்தின் பக்கம். "பிளேன் வந்தாத்தான் பெடியளுக்குப் பிடிக்கும்." தலைவர் கோயில் இடிப்பின் பக்கம். நானும் அவர் பக்கமே நின்றேன். வாழ்நாள் முழுவதும் அம்மலையை நினைந்து பதிகம் ஓதியவன் நான். கோயில் வீழ்ந்த கதையை மேடை மேடையாகச் சொன்னவன். உலகம் அதைக் காணட்டும் என்று எண்ணினேன்.

உங்களிடம் வந்து அதைச் சொன்னபோது நீங்கள் ஒரேயடியாக மறுத்தீர்கள்.

"இடிச்ச நாள எடுத்தா, நாங்க பாத்துக்கொண்டு நிக்கத்தான் ஏலும், தம்பி. அதுக்கு முதல் நாள எடுக்கச் சொல்லுங்க. உங்கட சாமிச் சிலையள ஒளிச்சுக் காப்பாத்தினாங்களெண்டு நீங்கதானே சொல்லுவீங்க? சாமானத் தூக்கிக்கொண்டு ஓடுறவனுக்கு அண்டைக்குத்தான் வேலை."

கதிரையில் அப்படியே இருந்துவிட்டேன். எத்தனை ஆண்டுகள், எத்தனை மேடைகள்! இடித்த நாளையே அழுது அழுது சொன்ன எனக்கு, காத்த நாள் ஒன்று இருந்தது தோன்றவில்லையே. அது என் சமயம், என் தலம், என் கண்ணீர். அதற்குள் இருந்த துணிவை, மேற்கு நோக்கித் தொழும் நீங்கள் எடுத்துத் தந்தீர்கள்.

பிறகு தயங்கித் தயங்கி, உங்கள் பாட்டனார் சொன்னதாக ஒரு கதை சொன்னீர்கள். சிலைகளை ஏற்றிய தோணிகளில் உங்கள் ஆட்களின் தோணியும் ஒன்று இருந்ததாம். சான்று உண்டா என்று கேட்டேன்.

"சான்றுக்கு நான் எங்க போவன்? அத எழுதாதீங்க, பொய்யெண்டா பாவம். ஒண்டு மட்டும் கேளுங்க. எங்கட துறைய எடுத்தா, தோணி வலிக்கிறவனுக்கு ஒரு மூஞ்சி குடுக்கச் சொல்லுங்க."

நீங்கள் என்னிடம் கேட்ட கடைசிக் காரியம் அதுதான் என்று அப்போது தெரியவில்லை. இரண்டு மாதத்தில் உங்கள் ஜனாஸாவின் பின்னே நடந்தேன்.

அறிக்கையை நானே வரைந்தேன், நானா. உங்கள் பெயரைச் சொல்லாமல், காத்த நாளையே எடுக்கும்படியும் தோணி வலிப்பவனுக்கு ஒரு முகம் கொடுக்கும்படியும் காரணங்களோடு எழுதினேன். ஆச்சரியம், தலைவரும் ஒப்புக்கொண்டார். ஆனால் தட்டச்சாகி வந்த பிரதியில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது: அக்காலத்தில் இத்துறையில் எம்மவரன்றி வேறெவரும் தொழில் செய்ததில்லை. அதன் கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள்.

வாசிகசாலை மண்டபத்தில் கூட்டம். தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

"பண்டிதர் ஐயா, ஒரு வரிதானே," என்றார் தலைவர். "கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்தை வையுங்கோ."

"கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிடுவன். கையெழுத்து வைக்க மாட்டன்."

"எங்கட கோயில் கதைக்குள்ள அந்தச் சோனக ஆக்கள் ஏன் ஐயா?"

"கோயில் எங்கட. துறை எல்லாருக்கும் உரியது."

மூதூர்க் கரையைத் தொடும் கொட்டியாரக் குடாவில் உங்கள் சோனக முன்னோர் வணிகம் செய்ததும் தோணி விட்டதும் அந்நியர் எழுதிவைத்த குறிப்புகளிலேயே உண்டு என்றேன். நம் பழம்புலவர்கள் பாடிய எந்தத் துறையிலும் ஒரே குலத்தார் மட்டும் வாழவில்லை. பல மொழி பேசுவோர் கலந்து வாழ்ந்ததையே துறைக்குப் பெருமையாகப் பாடினார்கள் என்றேன். செயலாளர் விடவில்லை.

"சரி, இருந்தவை எண்டே வைப்பம். சாமியை ஏத்தின தோணியை அவையள் வலிச்சதுக்குச் சான்று இருக்கோ?"

"இல்லை. எங்கட ஆக்கள்தான் வலிச்சவை எண்டதுக்கு இருக்கோ?"

அவர் ஆறிய தேநீரை எடுத்துக் குடித்தார்.

"கூரைக்குக் கூரை பாயிறவனுக்கு நீங்கள் சான்று கேக்கேல்ல. அவனை ஒருத்தருக்கும் தெரியாது, எண்டாலும் கதாநாயகன். துடுப்புப் போட்டவனுக்கு மட்டும் சான்று வேணுமோ?"

பின்வரிசையில் யாரோ வாய்விட்டுச் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் தலைவருக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் எங்கள் பிள்ளையார் கோயில் பரிபாலன சபைக்கும் தலைவர். அக்கோயிலில் புராணப் படிப்பின்போது ஒருவர் செய்யுளை இசையோடு படிக்க, அதன் பொருளை விரித்துப் பயன் சொல்பவன் நான். இருபத்தாறு ஆண்டுகளாக அந்தப் பணி என்னுடையது. என் மனைவி இறந்த ஆண்டில்கூட, துடக்குக் கழிந்ததும் அங்குதான் போய் இருந்தேன். அதை அவர் அறிவார்.

"அப்ப இந்த முறை படிப்புக்குப் பயன் சொல்ல வேற ஆளைப் பாப்பம்," என்றார், மெதுவாக.

நானா, நான் அஞ்சவில்லை என்று சொன்னால் அது பொய். ஆனாலும் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தேன்.

"வேற ஆளைப் பாருங்கோ, தலைவர். பொய்க்குப் பயன் சொல்லிப்போட்டு அந்த இடத்தில இருந்து திருவருளைப் பற்றிக் கதைக்க எனக்கு ஏலாது."

மறுநாள் மூதூருக்குப் பஸ் ஏறினேன். அந்த நிறுவனத்துக்குப் பர்ஹானா ஆங்கிலத்தில் எழுத, நான் மூன்றே வாக்கியங்கள் சொன்னேன். இத்துறையில் கோயில் தொழும்பரும் சோனகத் தோணிக்காரரும் அருகருகே வாழ்ந்தனர். சிலைகளைச் சுமந்த தோணியை வலித்தவர் எவர் என்பது எங்களுக்குத் தெரியாது. தெரியாதவர் என்பதற்காக அவரை முகமில்லாதவர் ஆக்காதீர்கள். எழுதி முடித்துவிட்டு அவள் எழுந்து குசினிக்குள் போய்விட்டாள். சற்று நேரம் தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் கூப்பிடவில்லை.

என் கையெழுத்தில்லாமல் அந்த வரியோடு போன சங்கத்தின் அறிக்கையும் என் கடிதமும் ஒரே வாரத்தில் போய்ச் சேர்ந்திருக்கின்றன. சென்ற மாதம் மறுமொழி வந்தது. மரியாதையான மறுமொழி. உள்ளூராரிடையே ஒருமித்த கருத்து இல்லாத இடத்தை இம்முறை தவிர்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள்.

தலைவர் கடிதத்தோடு என் வீட்டு வாசலுக்கே வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"உங்கட ஒரு கடிதத்தால ஊரே கைவிட்டுப் போச்சு, ஐயா. உலகம் முழுக்கப் பாத்திருக்கும். சந்தோசமோ?"

"ஊர் எங்கயும் போகேல்ல. மலை அங்கதான் நிக்குது. அவங்கள் படம் கீறாட்டி ஈசன் இறங்கிப் போயிடுவாரோ?"

"அந்த வரி இல்லாமல் அனுப்பியிருந்தாலும் எடுத்திருப்பாங்களோ தெரியாது," என்று முணுமுணுத்தார். தவறை ஒப்புக்கொண்டாரா, என்னைக் குத்தினாரா என்று இன்னும் விளங்கவில்லை. பிறகு குரலை உயர்த்தினார். "பொதுச்சபையில எழும்பி ஒரு வார்த்தை வருத்தம் தெரிவியுங்கோ. படிப்புக்கு நீங்களே வந்து இருக்கலாம்."

"தேத்தண்ணி குடிக்கிறதெண்டா வாங்கோ. வருத்தம் இஞ்ச இல்லை."

அவர் போய்விட்டார். நானும் கதவைச் சாத்திவிட்டு வெகுநேரம் நின்றேன். அவர் முன்னே நிமிர்ந்த தலை உங்கள் முன்னே நிமிர மறுக்கிறது. அந்தத் திரையில் நம் குடாவையும், வாடைக்காற்றில் சரியான பக்கம் பொம்மிய ஒரு பாயையும் காண நீங்கள் எவ்வளவு ஆசைப்பட்டீர்கள்! உங்கள் சொல்லைக் காக்கப்போய் உங்கள் ஆசையைத் தோற்றேனா? உங்களை விட்டுவிட்டு ஆட்டம் வருவதிலும் ஆட்டமே வராமற்போவது மேல் என்று நான் ஒருவனே தீர்மானிக்கலாமா? நீங்கள் இருந்திருந்தால், "பேயன், அந்த வரியோட அனுப்பியிருக்கலாமே," என்று ஏசியிருப்பீர்களா?

ஏசினாலும் கேட்டுக்கொள்வேன். ஆனால் செய்ததை மாற்றமாட்டேன். இரண்டு தரப்பாரும் ஒரே கரையில் நின்றார்கள் என்று சொன்னதைக் கருத்து வேற்றுமை என்று அவர்கள் எண்ணினால், அது அவர்களின் குறை. உண்மை நிலைத்தால் போதும் என்று வாழ்ந்தவர்களின் வழியில் வந்தவன் நான். பணியை இழந்தாலும் பணிவை இழக்கவில்லை. அந்தப் பணிவு சபைத் தலைவருக்கு உரியதன்று.

வருகிற வெள்ளிக்கிழமை படிப்புத் தொடங்குகிறது. பாலையூற்றிலிருந்து ஒரு புதியவரைப் பயன் சொல்ல அழைத்திருக்கிறார்களாம்; நல்லவர், நாவன்மை உள்ளவர். நான் குளித்து, நீறு பூசி, பாய் ஒன்றை எடுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் கேட்க இருப்பேன். எழுந்து போகச் சொல்பவர் சொல்லட்டும்.

அந்த நிறுவனம் ஓரிரு ஆண்டுக்கு ஒருமுறை அடுத்த நகரத்தைத் தேடும் என்று பர்ஹானா சொல்கிறாள். அப்படியானால் இது என் வாக்கு, நானா: அவர்கள் தேடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும், எந்தச் சங்கமும் கூடுவதற்கு முன்னரே, அந்த மூன்று வாக்கியங்களும் அவர்கள் மேசைக்குப் போய்ச் சேரும். எனக்கு எழுபத்து நான்கு வயது. நான் இல்லாத காலத்தில் அவள் அனுப்புவாள். பிரதியை நேற்று அவள் கையில் கொடுத்து, ஒரு சொல்லும் குறையக்கூடாது என்றேன்.

அவள் படித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். "கூட்டலாமா, சாச்சா?"

"கூட்டு பிள்ளை. குறைக்கிறதுக்கு நிறையப் பேர் இருக்கினம்."

இப்படிக்கு,
உங்கள் தம்பி,
உங்கள் பிள்ளையின் சாச்சா