இரும்புலியூர் இறங்கணும்

இரும்புலியூர்,
ஞாயிறு மத்தியானம்.

அன்பு மகன் ஜெபினுக்கு, அம்மா எழுதிக்கிறது. கர்த்தருடைய கிருபையில நானும் அப்பாவும் சுகமா இருக்கோம், ஹாலிஃபாக்ஸ் குளிர்ல நீயும் இருமல் சளி அண்டாம இருக்கணும்னு காலையில ஜெபத்துல சொல்லிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, ஆனாலும் மோட்டார் போட நான்தான் போவேன்னு படி இறங்குறதை நிறுத்தல. கீழ் வீட்டு தையல்நாயகி அக்காவுக்குப் பேத்தி பிறந்திருக்கா. போன்லயே எல்லாம் சொல்லலாமேன்னு நினைப்ப. இந்தச் சேதியை அஞ்சு நிமிஷத்துல சொல்லி முடிக்க எனக்கு மனசு வரலடா, உட்கார்ந்து நிதானமா எழுதணும்னு இருந்தது. விஷயம் இதுதான். உங்க அம்மா எடுத்த குறும்படத்துக்கு முதல் பரிசு! ஆமாம், நானேதான் எடுத்தேன், கதையும் என்னதுதான். மேல் வீட்டு தீபாவும் அவ புருஷன் முகிலனும் கூட நின்னாங்க, அப்பா கேமரா ஸ்டாண்டைத் தூக்கிட்டு வந்தார். மிச்சத்தை முதல்லேருந்து சொல்றேன்.

தைராய்டு ஆபரேஷனுக்கு அப்புறம் என் குரல் கம்மிப் போனது உனக்குத் தெரியும், எவ்வளவு கம்மிப் போச்சுன்னுதான் உனக்குச் சொல்லல. குரலுக்குப் போற நரம்புல பாதிப்பு, கொஞ்சம் திரும்பி வரும், பழையபடி வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். சர்ச் கொயர்ல முன் வரிசையில நின்னு பாடினவ கடைசி பெஞ்சுக்குப் போயிட்டேன். பாட்டுப் புஸ்தகத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு வாயை மட்டும் அசைப்பேன். மளிகைக் கடையில கையைக் காட்டித்தான் சாமான் வாங்கினேன். யாராவது பேச்சுக் கொடுத்தா அப்பாவை முன்னால தள்ளி விட்டுட்டு நான் சிரிச்சுக்கிட்டு நிப்பேன். நீ கூப்பிடும்போதெல்லாம் குக்கர் விசில் வருதுன்னு சொல்லிப் போனை வெச்சது அதனாலதான். இப்போ எழுதும்போது சிரிப்பு வருது, அப்போ வரல.

அந்த நாள்லதான் அலமாரியைத் துடைக்கப் போய், திரையில கீறல் விழுந்துடுச்சுன்னு நீ போட்டுட்டுப் போன பழைய போன் கையில கிடைச்சது. அதோட கேமராவுக்கு ஒரு குறையும் இல்ல. மத்தியானம் தூங்காம வீடியோ பார்த்துப் பார்த்துக் கத்துக்கிட்டேன், ஜன்னல் வெளிச்சம் முகத்துல எந்தப் பக்கம் விழணும், மூச்சை அடக்கி எப்படிக் கை ஆடாம பிடிக்கணும்னு. கேமராவுக்குப் பின்னால நிக்கிறவ வாயைத் திறக்க வேண்டாம் பாரு, அதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. மறைமலை நகர்ல கார் பார்ட்ஸ் கம்பெனியில வேலை பார்த்த கை சும்மா இருக்குமா, அப்பா மிச்சம் கிடந்த பைப்பை அறுத்து ஒரு ஸ்டாண்டு பண்ணிக் கொடுத்தார். பிரிட்ஜ் வந்த பெட்டியோட தெர்மாகோல்தான் முகத்துல வெளிச்சம் திருப்புற பலகை. சட்டையில குத்துற சின்ன மைக் ஒண்ணு மட்டும் ஆன்லைன்ல வாங்கினேன். முதல் படத்துல அப்பா தலைமேல கண்ணாடியை ஏத்தி வெச்சுக்கிட்டு வீடு பூரா அதைத் தேடுவார். நடிக்கச் சொல்லல, நிஜமாவே தேடினார், நான் எடுத்துட்டேன். பிளாட் குரூப்ல போட்டதும் அத்தனை பேரும் சிரிச்சுச் சிரிச்சு ஓய்ஞ்சாங்க. அப்பா ரெண்டு நாள் என்கூடப் பேசல, அப்புறம் அடுத்த படம் எப்போன்னு அவரே கேட்டார்.

இப்படி இருக்கும்போது ஒருநாள் தாம்பரம் மார்க்கெட்டுல ஒரு தோசைக் கரண்டி வாங்கிட்டு ஷேர் ஆட்டோவுல வந்தேன். இரும்புலியூர் இறங்கணும்னு சொன்னேன், பாட்டுச் சத்தத்துல டிரைவருக்குக் கேக்கல. இன்னொரு தடவை சொன்னேன், பக்கத்துல இருந்தவங்களுக்குக்கூடக் கேக்கல. வண்டி பெருங்களத்தூர் போய்த்தான் நின்னுது. விஷயம் தெரிஞ்சதும் அந்த டிரைவர், "இன்னாம்மா, வாய்ல கொயக்கட்டையா வெச்சிகினுகீற? முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?"ன்னு கத்தினான், வண்டியில இருந்தவங்க சிரிச்சாங்க. உச்சி வெயில்ல ரோட்டோரமா நடந்தே திரும்பி வந்தேன். வீட்டுக்கு வந்து அழுவேன்னுதான் நினைச்சேன். அழுகை வரல ஜெபின், கோபம் வந்தது. அந்தக் கோபத்துலயே உட்கார்ந்து இதைக் கதையா எழுதிட்டேன்.

கதை சின்னதுதான். குரல் போன ஒரு பொம்பளை ஷேர் ஆட்டோவுல போறா, இறங்கணும்னு சொல்றது யாருக்கும் கேக்கல, ஒவ்வொரு ஸ்டாப்பா தாண்டிப் போகுது. கடைசியில பையிலேருந்து புதுத் தோசைக் கரண்டியை எடுத்து ஆட்டோ கம்பியில டங் டங்னு அடிக்கிறா, வண்டி நிக்குது. நான் அடிக்காம விட்டதை அவ அடிச்சா! பொம்பளையா தீபா நடிச்சா. பின் தெருவுல ஷேர் ஆட்டோ ஓட்டுற தட்சிணாமூர்த்தி டிரைவரா வந்தார். "நான் நெசத்துல அப்பிடிலாம் பேச மாட்டேன்க்கா, நீங்க சொல்றீங்கோன்னு பேசறேன்"னு சொல்லிட்டுத்தான் அந்த வசனத்தைப் பேசினார், ஆனா என்னமா பேசினார் தெரியுமா! சர்வீஸ் ரோட்டுல மேலயும் கீழயும் ஓட்டி, நான் பின் சீட்டுல குனிஞ்சு உட்கார்ந்து எடுத்தேன்.

சிக்கல் எங்கே வந்ததுன்னா, தீபாவுக்குக் குரல் மணி மாதிரி. கம்மின குரல்ல பேசுன்னா சளி பிடிச்ச மாதிரிதான் வருது. எப்படிச் சொல்லணும்னு காட்டுறதுக்காக, அவ காதுக்குப் பக்கத்துல போய் "இரும்புலியூர் இறங்கணும்"னு நானே ஒரு தடவை சொன்னேன். அவ துப்பட்டாவுல குத்தியிருந்த மைக் ஓடிக்கிட்டு இருந்ததை நான் கவனிக்கல. முகிலன் லேப்டாப்ல வெட்டி ஒட்டும்போது அது கேட்டுச்சு. என்னைக் கூப்பிட்டு, தீபாவோட முகத்துக்கு என் குரலை வெச்சுப் போட்டுக் காட்டினான். "ஆன்ட்டி, படம் இப்போதான் ஆன்ட்டி படமாச்சு"ன்னான். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போச்சு. குறும்பட விழாவுக்குச் சர்ச்சுக்காரங்க எல்லாம் வருவாங்க, இந்தக் குரலை மைக்குல போட்டு ஊருக்கே காட்டணுமா, வேண்டவே வேண்டாம், அழிச்சுடுன்னு சொல்லிட்டு எழுந்து வந்துட்டேன். தீபா வந்து கெஞ்சினா, கேக்கல. விழாவுக்குப் படம் கொடுக்க வேண்டிய நாள் கிட்ட வந்துடுச்சு, நான் பிடிச்ச பிடியிலயே இருந்தேன். உங்க அப்பாதான் சாப்பிடும்போது, தட்டைப் பார்த்துக்கிட்டே சொன்னார், "இந்தக் குரலைத்தானே நான் தினமும் கேக்கறேன் தபீதா, எனக்கு ஒண்ணும் குறையாத் தெரியலையே"ன்னு. சொல்லிட்டு ரசம் ஊத்தச் சொன்னார். கல்யாணமான நாள்லேருந்து அந்த மனுஷன் பேசினதுல எனக்கு இதுதான் உசத்தி. சாயங்காலமே ஃபேனை நிறுத்திட்டு, போர்வையை முக்காடு போட்டு, வேர்த்துக் கொட்டக் கொட்ட மிச்ச வசனத்தையும் என் குரல்லயே பேசிக் கொடுத்தேன்.

விழா போன சனிக்கிழமை, சேலையூர்ல ஒரு கல்யாண மண்டபத்துல, அந்தப் பக்கத்து வாசகர் வட்டம் நடத்தினாங்க. போன்ல எடுத்த படங்களுக்கு மட்டும்தான் போட்டி. எங்க படம் வந்தப்போ நான் அப்பா கையைப் பிடிச்சுக்கிட்டுத் தலை குனிஞ்சு உட்கார்ந்திருந்தேன். முதல் தடவை என் குரல் மண்டபத்துல கேட்டதும் கசகசன்னு இருந்த பேச்சு சட்டுனு அடங்கிச்சு. ரெண்டாவது தடவை "இறங்கணும்"னு சொன்னப்போ எனக்குப் பின்னாலேருந்து ஒரு அம்மா "ஐயோ, அதுக்கு இறங்கணுமாம்"னாங்க. மூணாவது தடவையும் வண்டி நிக்காம போச்சு பாரு, ஒரு ஆள் நாற்காலியை விட்டு எழுந்து, "யோவ், அந்தம்மா சொல்லிகினே கீதுல்ல, வண்டிய நிறுத்துய்யா!"ன்னு திரையைப் பார்த்துக் கத்திட்டார்! அவ்வளவுதான், மண்டபமே நிறுத்து நிறுத்துன்னு கத்த ஆரம்பிச்சுது. பொண்டாட்டி பிள்ளையோட வந்திருந்த தட்சிணாமூர்த்தி துண்டை எடுத்து முகத்தை மூடிக்கிட்டார். கரண்டி டங்குனு கம்பியில விழுந்ததும் விசில் என்ன, கைத்தட்டல் என்ன, எனக்குக் காதே அடைச்சுப் போச்சு. தலையை நிமிர்த்திப் பார்த்தேன் ஜெபின், எங்க சர்ச் ஜனங்க எல்லாரும் எழுந்து நின்னு தட்டிக்கிட்டு இருந்தாங்க.

பரிசுக்கு என் பேரைக் கூப்பிட்டு, மேடையில ரெண்டு வார்த்தை பேசச் சொல்லி மைக்கைக் கொடுத்தாங்க. அப்பாவைப் பார்த்தேன், அவர் எழுந்து வரல, உட்கார்ந்த இடத்துலேருந்தே நீயே பேசுன்னு கையைக் காட்டினார். பேசினேன். குரல் கரகரன்னுதான் வந்தது, நடுவுல ரெண்டு இடத்துல உடைஞ்சுது, நிறுத்தி மூச்சு வாங்கிப் பேசி முடிச்சேன். கீழே இறங்கினதும் கழுத்தைச் சுத்தித் துணி கட்டின ஒரு பொம்பளை கூட்டத்தைத் தள்ளிட்டு வந்து என் கையைப் பிடிச்சா. பள்ளிக்கரணையாம், பேர் கங்கம்மா, தொண்டையில புற்றுன்னு ஆபரேஷன் ஆனவ. காத்து மாதிரிதான் பேச்சு வருது, குனிஞ்சு கேட்டேன். "எனக்கும் ஒரு வேஷம் இருந்தா குடேன்க்கா, பேசற வேஷமா குடு"ன்னா. வர்ற சனிக்கிழமை எங்க வீட்டுக்கு ஒத்திகைக்கு வந்துடுன்னு சொல்லிட்டேன். கதை இன்னும் எழுதவே இல்ல, ஆனா அதுல பேசப் போறது கங்கம்மாதான்.

புது கேமரா அனுப்புறேன்னு நீ கிளம்பிடாதே, எனக்கு இருக்கிற போனே போதும், அந்தக் காசுல உனக்கு நல்ல கம்பளிக் குல்லாவும் காதை மூடுற மாதிரி ஒரு சால்வையும் வாங்கிக்கோ. வேலை வேலைன்னு ரொட்டியும் டீயுமா நாளைக் கடத்தாம சோறு பொங்கிச் சாப்பிடு. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், நீ கால் வைக்கிற இடமெல்லாம் சமாதானமா இருக்கட்டும், அப்பா முத்தம் சொல்லச் சொன்னார். இந்த லெட்டர் கிடைச்சதும் சொல்லு, முகிலன் படத்தோட லிங்க் அனுப்புவான். பக்கத்துல ஆள் இருக்காங்கன்னு கூசாம, சத்தத்தை முழுசா ஏத்தி வெச்சுப் பாரு.

உன் அம்மா,
தபீதாள் தாவீது