தீவுக் கோப்பியும் தைலப் போத்தலும்

ஏப்ரல் 16, 2009, வியாழன்

புளோரஸ் தீவிலிருந்து மாதிரிக் கொட்டை வந்தது. எரிமலைச் சாம்பல் மண்ணில் விளைந்த கோப்பி. நான் வறுத்தேன். நானும் கூட வேலை செய்யும் நிரோஷினியும் கரண்டியால் உறிஞ்சித் துப்பினோம். தாளில் நான், 'நல்ல புளிப்பு, கனம்' என்று எழுதினேன். பதினொரு வருடமாக நாக்கால் பிழைப்பவன் எழுதுகிற லட்சணம். அவள் எழுதியது: 'விளாம்பழம். ஆறினபின், சூடான கல்லில் தண்ணீர் ஊற்றிய மணம்.'

முதலாளி பேனாட் அண்ணை வாசித்துவிட்டு மறுபடி உறிஞ்சினார். "ஓம் கிளிபோட், விளாம்பழமேதான்," என்றார். நானும் உறிஞ்சினேன். விளாம்பழம்தான். அவள் சொன்ன பிறகு யாருக்குத்தான் தெரியாது?

அவளுக்குக் கரண்டி பிடிக்கப் பழக்கியதே நான். எட்டு மாதம்தான் ஆகிறது. வளர்த்த கடா மார்பில் பாய்கிறது.

ஏப்ரல் 29

ஜூலையில் தீவுக்கு ஒருவரை அனுப்பி அறுவடையைத் தெரிந்தெடுக்கப் போகிறாராம் பேனாட் அண்ணை. நான்தான் என்று மனைவி கிளடிஸிடம் சொல்லியும்விட்டேன். இன்று, இரண்டு பேருக்கும் சோதனை என்கிறார். மே 11. ஒன்பது கோப்பை, அதில் மூன்று தீவுக் கோப்பி. சரியாகப் பிடிப்பவர் போகலாம்.

எனக்குச் சோதனையா?

மே 3, ஞாயிறு

பொறாமைதான். வேறு பெயர் வைப்பானேன்?

நிரோஷினியின் தம்பி அகஸ்ரின் ஊரில், போர் நடக்கும் வன்னிக்குள் அகப்பட்டிருக்கிறான். மார்ச்சுக்குப் பிறகு செய்தி இல்லை. பூசையில் சுவாமியார் அவன் பெயரைச் சொல்லி மன்றாடினார். நான் ஒன்பது கோப்பையை யோசித்துக்கொண்டு முழந்தாளில் நின்றேன். எல்லோரும் அவளைச் சுற்றி நின்றார்கள் — அதற்கும் எனக்கு வயிறு எரிகிறது. நான் என்ன மனிசன்?

மே 11, திங்கள்

நேற்று எங்கள் சனம், போரை நிறுத்தச் சொல்லி, இங்கே கார்டினர் நெடுஞ்சாலையில் ஏறி மறித்து நின்றது. அவளும் நின்றிருக்கிறாள். இன்று கண் வீங்கி, நெற்றியை அமத்திக்கொண்டு வந்தாள். நான் அதற்குள் என் கோப்பைகளை முடித்திருந்தேன். ஒன்றில் சந்தேகம்.

என் பையில் தைலப் போத்தல் இருந்தது. சுவைக்கும் அறைக் கதவில் 'சென்ற், தைலம் பூசக்கூடாது' என்று எழுதி ஒட்டியவனே நான்.

"தலையிடியோ? இதைப் பூசும். இன்னும் நேரம் கிடக்கு, மணம் போயிடும்," என்றேன். போகாது என்று தெரியும்.

"தாங்ஸ் அண்ணை," என்று நெற்றியிலும் மூக்கடியிலும் பூசினாள்.

எனக்கு இரண்டு சரி. அவளுக்கு ஒன்றுகூட இல்லை. பேனாட் அண்ணை தாள்களை மட்டும்தான் பார்த்தார்.

மே 12

கிளடிஸ் சூட்கேஸ் பார்க்கிறாள். சந்தோஷமாக இருக்கிறேன். இருக்கிறேன்தானே?

மே 19

வன்னியில் போர் முடிந்துவிட்டதாம், எல்லாம் முடிந்துவிட்டதாம். வானொலி முழுக்க அழுகை. நிரோஷினி வேலைக்கு வரவில்லை.

மே 27

வந்தாள். மெலிந்துவிட்டாள். தம்பியைப் பற்றி இன்னும் ஒன்றும் தெரியாது. நேரே என்னிடம் வந்து, அன்று கொண்டுபோன தைலப் போத்தலை நீட்டினாள். கண்டுபிடித்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அண்ணை, எல்லாரும் தம்பியைப் பற்றித்தான் கேட்டவை. எனக்குத் தலையிடிக்குதெண்டு கண்டது நீங்கள் ஒராள்தான்."

போத்தலை வாங்கிப் பைக்குள் போட்டேன். கன்னத்திலை அறைஞ்சிருந்தால் தாங்கியிருப்பன்.

மே 28

பேனாட் அண்ணையிடம் சொல்லிவிட்டேன். கதவில் ஒட்டியிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி சோதனை வைப்பாராம். காரணத்தை அவளிடம் சொல்வது என் பாடாம்.

ஜூன் 9

மூன்றையும் பிடித்தாள். ஆறவிடக்கூட இல்லை. எரிந்தது. உண்மையைச் சொன்ன பிறகும் வயிறு எரிந்தது.

ஜூலை 21

விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோனேன். போத்தலைக் காட்டி, வழியில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவதாக இருந்தேன். 401 நெடுஞ்சாலை முழுக்க அவள்தான் பேசினாள். அகஸ்ரினை முகாமில் கண்டதாக யாரோ சொன்னார்களாம். யார் என்று தெரியாதாம்.

இறங்கும்போது கேட்டாள்: "பிளேனிலை எனக்குத் தலையிடிக்கும். அந்தத் தைலம் கிடக்கோ அண்ணை?"

முடிந்துவிட்டது என்றேன். முக்கால் போத்தல் என் சட்டைப்பையில் இருந்தது.